செவலைக்கு வந்த நிவாரணம்

அத்தை செவலையைப் புதைத்துவிட்டாள் என்கிற சேதி திண்டிவனம் பேருந்து நிலையத்தில் எனக்கு வந்தது. ஊருக்குப் போகும் டவுன் பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கூட்டமே அங்கே நின்றுகொண்டிருந்தது. அப்பா போனில் சொன்னார்.

"மாடு போயிடுச்சும்மா. பொதச்சாச்சு. நீ பொறுமையா வா, ரோடு அறுத்துக்கினு கெடக்குது."

அப்பா போனில் பேசுவது எப்போதும் அப்படித்தான். பேசப் பேசக் காசு கரைகிற காலத்திலேயே நின்றுவிட்டவர். எந்த மாடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மாடு என்றால் செவலை ஒன்றுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் தெருவிலேயே கோடி வீட்டில் தனியாக இருந்தாள். மாமா நாற்கரச் சாலையில் சைக்கிளோடு அடிபட்டுப் போனவர். ஒரே மகளைக் கண்டமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், வாசலில் செவலை. நெல் வீட்டுக்குச் சோறு போடும். உப்பும் புளியும் சோப்பும் வாங்கியது செவலைதான். காலையிலும் மாலையிலும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, காலித் தூக்கை ஆட்டிக்கொண்டே திரும்பி வரும் அத்தையைப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண் மாதிரி இருக்கும். அந்த மழைக்காலத்தில் செவலை நிறைசினை. பால் வற்றவிட்டிருந்தாள். கன்று போட்டால்தான் மறுபடி சொசைட்டிப் பக்கம் போக முடியும். அதனால் அத்தையின் பேச்செல்லாம் தை மாதத்தைப் பற்றியே இருந்தது.

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மழையே பிடித்தது. போகவேண்டியது போகாமல் எங்கள் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அப்போது திண்டிவனத்தில் விடுதியில் தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முதுகலை முடித்து, வேலை கிடைக்காமல், சும்மா இருக்கவும் தெரியாமல், கிடைத்த தேர்வுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நாட்கள். விடுதியில் கரண்ட் போய், போனில் சார்ஜ் போய், ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். அந்த நேரத்தில்தான் ஏரி உடைந்து எங்கள் ஊருக்குள் தண்ணீர் வந்திருக்கிறது.

கடைசியில் திருவக்கரைப் பக்கம் போன ஒரு காய்கறி வண்டியில் ஏறி, சாலை அறுந்த இடத்தில் இறங்கி, மிச்சத்தைச் சேற்றில் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தேன். நேராக அத்தை வீட்டுக்குத்தான் போனேன். சுவரில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்ற கோடு. அத்தை வாசலில் ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதறுவதை நிறுத்தவில்லை.

"கால் கழுவிக்கினு உள்ள வா. பாம்பு வந்துச்சு, அடிச்சாச்சு. இன்னொண்ணு கீதுன்றாங்க, பாத்து வா."

செவலையைப் பற்றி அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். வரக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

விடிகிற நேரம், தண்ணீர் வருகிறது என்று கூச்சல் கேட்டதும் அத்தை முதலில் செய்தது செவலையை அவிழ்த்துவிட்டதுதான். கட்டிக் கிடந்தால் செத்துப்போகும், அவிழ்த்துவிட்டால் மேடு பார்த்துப் போய்விடும். அவள் கோயில் படிக்கட்டில் ஏறிக்கொண்டாள். எங்கள் ஊரில் மாதா கோயில்தான் உயரமான கட்டடம். படியில் நின்றபடி செவலை தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் போனதைப் பார்த்திருக்கிறாள். "போவுது போவுதுன்னு நெனச்சிக்கினேன். நல்லாத்தான் போச்சு. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

தண்ணீர் வடிந்த பிறகு ஏரிக்கரைக்குக் கீழே வேலிக்காத்தான் புதரில் சிக்கிக் கிடந்தது. வயிறு ஊதியிருந்தது. நாய்கள் வந்துவிட்டன. உடைப்பை அடைக்க ஒரு ஜேசிபி அங்கே வந்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதன் டிரைவர், அத்தை கேட்காமலேயே, பக்கத்து மேட்டில் பள்ளம் எடுத்துக் கொடுத்தான். "ஜல்தியாம்மா, ஆபீசர் வந்தா என்னத்தான் திட்டுவாரு" என்று அவசரப்படுத்தியிருக்கிறான். அத்தை அவனை இருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி மஞ்சள் கொண்டு வந்தாள். செவலையின் முகத்தைக் கழுவி மஞ்சள் பூசினாள். கழுத்து மணியைக் கழற்றினாள். கயிற்றை அறுத்தாள். அப்புறம் காதில் போட்டிருந்த மஞ்சள் டேக்கையும் அரிவாளால் அறுத்து எடுத்தாள்.

மாட்டு டாக்டர்கள் எல்லா மாட்டுக்கும் காதில் குத்திவிடுகிற பிளாஸ்டிக் வில்லைதான் அது. எண் போட்டிருக்கும். அத்தை அதைத் தோடு என்றுதான் சொல்வாள். செவலைக்கு அதைக் குத்திய அன்று "எம் பொண்ணுக்கும் காது குத்தியாச்சு" என்று தெருவுக்கே வெல்லம் கொடுத்தவள்.

"பொணத்துமேல நக வெச்சிப் பொதைக்கக் கூடாதுடி. மாமாவுக்கு அரணாக்கயிறுகூட அவுத்துட்டுத்தான வெச்சோம்" என்றாள்.

உபதேசியாரையும் கூப்பிட்டிருக்கிறாள். கோயிலில் சாமியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர், அவருக்கும் வீட்டில் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், "மாட்டுக்கு ஜெபம் புஸ்தகத்துல இல்லம்மா" என்றாராம்.

"புஸ்தகத்துல இல்லன்னா இன்னா, உனக்குத் தெரிஞ்சத சொல்லு."

"எனக்குத் தெரிஞ்சதே புஸ்தகத்துல இருக்கறதுதான்."

கடைசியில் ஒரு பரலோக மந்திரம் சொன்னார்கள். அத்தை ஒரு பிடி மண் போட்டாள். ஜேசிபி மிச்சத்தைத் தள்ளியது. டிரைவர் காசு வாங்கவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அத்தை அழவில்லை. எல்லாம் முறையாக முடிந்துவிட்டது என்கிற ஒரு களைப்புதான் முகத்தில் இருந்தது. மணியும் தோடும் மாதா படத்துக்குக் கீழே, கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

அரசு நிவாரணம் அறிவித்தது. பயிருக்கு, வீட்டுக்கு, கால்நடைக்கு என்று தனித்தனியாக. எனக்கு அது போதும். விடுதிக்குத் திரும்பிப் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டேன். போனுக்கு ஒரு பவர் பேங்க், கையில் ஒரு பை, அப்பாவின் மொபெட். யாருக்கு எந்தச் சான்று, பட்டா யார் பெயரில், வங்கிக் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனேன். படித்ததற்கு முதன்முதலாக ஒரு பயன் வந்திருக்கிறது என்று தோன்றியது. உண்மையில் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், ஊரே சேற்றில் கிடந்தபோது.

பயிர்ச் சேதத்துக்கு, விவசாயி வயலில் நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும். அழுகிய நெல்லில் நிற்பதற்கு எதிர்வீட்டுச் சித்தப்பா சலவைச் சட்டை போட்டு, தலை சீவி, நெற்றியில் பவுடர் தெரிய வந்து நின்றார்.

"சித்தப்பா, பயிர் போயிடுச்சு, நீங்க பொண்ணு பாக்கப் போற மாதிரி நிக்கிறீங்க."

"அதுக்குன்னு? கவர்மெண்டு பாக்குற போட்டோ. அழுக்கா நின்னா குடுக்கறதும் குடுக்க மாட்டான்."

"கொஞ்சம் சோகமாவாவது நில்லுங்க."

"எடுறீ சீக்கிரம். சோகத்த உள்ள வெச்சிருக்கேன், அதெல்லாம் போட்டோல வுழாது" என்றார். வரப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்த அந்தப் படமே ஆபீசுக்குப் போயிற்று. அவருக்குப் பணமும் வந்தது.

கணக்கெடுப்புக்குத் தலையாரி வந்தார். கிராம நிர்வாக அலுவலருக்குக் கீழே வேலை பார்க்கிறவர், எங்கள் ஊர்க்காரர். அத்தையிடம் நெல்லைக் குறித்துக்கொண்டார். பிறகு மாட்டைக் கேட்டார்.

"அக்கா, டாக்டர் சர்டிபிகேட் எங்க?"

"இன்னா சர்டிபிகேட்?"

"மாடு செத்துச்சுன்னு டாக்டர் குடுக்கணுமே. போஸ்ட்மார்ட்டம் பண்ணாரா?"

"பொதச்சாச்சே. நீதான வந்து பாத்துட்டுப் போன."

"நான் பாத்தது ஊர்க்காரனா பாத்தேங்க்கா. ஆபீஸ்காரனா பாக்கலயே."

தலையாரி இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. நான் உடனே குறுக்கே புகுந்தேன். நான் டாக்டரை அழைத்து வருகிறேன், ஊரே சாட்சி இருக்கிறது, டேக் இருக்கிறது, எண் இருக்கிறது, எல்லாம் சரியாகிவிடும். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எங்கண்ணம் பொண்ணு கலெக்டராட்டம் பேசுது பாரு."

மாட்டு டாக்டர் இளைஞர். தெற்கே எங்கோ இருந்து எங்கள் பக்கம் வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு ஊராகச் செத்த மாடும் ஆடும் பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போதே தூங்கி விழுந்தார். அத்தை அவருக்கு மோர் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டு வரக்காப்பி கொடுத்தாள். பிறகு மாதா படத்துக்குக் கீழே இருந்த தோட்டை எடுத்து, முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

டாக்டர் எண்ணைத் தன் போனில் தட்டினார். செவலை வந்துவிட்டது. நிறம், வயது, கடைசியாக ஊசி போட்டது, சினை ஊசி போட்டது, அத்தையின் பெயர், எல்லாம். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல உங்க மாடு உயிரோட இருக்கும்மா" என்றார்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "எங்க?"

"கணக்குல சொல்றேன். செத்துப்போச்சுன்னு நான் மாத்தணும்னா, டேக் காதுல இருக்கிற மாதிரி மாட்டோட போட்டோ வேணும். இது யார் அறுத்தது?"

"நாந்தான் சார் கழட்டினேன்."

"ஏம்மா கழட்டுனீங்க?"

அத்தைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்னைப் பார்த்தாள். பிணத்தின் காதில் தோட்டை விட்டுவைப்பார்களா, ஒரு படித்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்கிற மாதிரி.

நான் விளக்கினேன். டாக்டர் தலையை ஆட்டினார். "எனக்குப் புரியுது. ஆனா மாட்ட வித்துட்டு, டேக்க மட்டும் அறுத்துக்கிட்டு வந்து செத்துப்போச்சுன்னு சொன்னவங்களும் இருக்காங்க. அதனாலதான் தனி டேக்க எடுத்துக்காதன்னு வச்சிருக்காங்க."

"ஊரே பார்த்திருக்கு சார்" என்றேன்.

"நான் நம்புறேன்மா. என் நம்பிக்கைய அப்லோட் பண்ண இதுல இடம் இல்லையே."

பள்ளத்தைத் திறந்து உடம்பைக் காட்டினால், காதில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, சோதித்து, சான்று தருவதாகச் சொன்னார். மறுநாள் காலை பக்கத்து ஊருக்கு வருகிறார், அப்போது வந்துவிடுவார். அதற்கப்புறம் பட்டியல் தாலுகா ஆபீசுக்குப் போய்விடும். பிறகு தள்ளிப்போடுவது அவர் கையில் இல்லை.

அவர் போன பிறகு அத்தை தோட்டை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.

"வேணான்டி" என்றாள்.

"அத்தை, அந்தப் பணம் இல்லாம இன்னொரு மாடு எப்படி வாங்குவ?"

"வாங்காமப் போறேன்."

"சோத்துக்கு?"

"பாண்டிக்கு எத்தினி பேரு வேலைக்குப் போவல? அங்க போய் நாலு வீட்ல பாத்திரம் தேச்சா இன்னா."

"நிவாரணம் உன்னோட உரிமை அத்தை. பிச்சை இல்ல. நீ ஏன் விட்டுத் தரணும்?"

"எவன் பிச்சன்னு சொன்னான்? குடுக்கறவன் குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். மண்ணு போட்டு மூடினதத் தோண்டிக் காட்டுன்னா?" அவள் குரல் அதுவரை உயரவில்லை, அப்போதும் உயரவில்லை. "உன் மாமாவ ஆஸ்பத்திரில அறுத்தாங்க. நான் வெளிய மர நெழல்ல குந்திக்கினு இருந்தேன். அறுத்தாத்தான் இன்சூரன்ஸு, அறுத்தாத்தான் சர்டிபிகேட்டு. எல்லாம் சரின்னு சொன்னேன். அப்ப அவரு இன்னும் மண்ணுக்குப் போவல. இது போயிடுச்சு. உள்ள வெச்சாச்சு."

எனக்குப் பதில் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மாடு வேறு, மாமா வேறு என்றேன். செவலை இருந்தால் உனக்குச் சோறு போட்டிருக்கும், செத்த பிறகும் போட நினைக்கிறது என்று வைத்துக்கொள் என்றேன். அப்பாவும் வந்து கேட்டார். அத்தை எங்கள் இருவரையும் பார்த்து, "அண்ணனும் பொண்ணும் பேஜாரு பண்ணாதீங்க, போங்க" என்று வாசலைக் கூட்ட ஆரம்பித்தாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாது.

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அத்தை எங்கள் வாசலில் நின்றாள். கையில் மம்மட்டி. சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருந்தாள்.

"டாக்டரு எப்ப வர்றாராம்?" என்று கேட்டாள்.

ராத்திரியில் என்ன யோசித்தாள் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுச் சித்தப்பாவும் மம்மட்டியோடு வந்தார். அத்தை எங்களுக்கு முன்னால் போனாள். ஜேசிபி வேறு ஊருக்குப் போயிருந்தது. கையால்தான் தோண்டவேண்டும்.

மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. மேல் மண்ணைச் சித்தப்பாவும் அப்பாவும் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ஓரளவு ஆழம் போனதும் அத்தை அவர்களை ஏறச் சொன்னாள். "மேல பட்டுடும், நான் எடுக்கறேன்" என்று உள்ளே இறங்கி, மம்மட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினாள். நாற்றம் வந்தது. சித்தப்பா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தள்ளிப் போனார். நான் துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அத்தை முகத்தைத் திருப்பவே இல்லை. முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு நெற்றி. பூசிய மஞ்சள் மண்ணோடு சேர்ந்து வேறு ஏதோ நிறமாகியிருந்தது. அவள் அதை உள்ளங்கையால் துடைத்தாள்.

டாக்டர் சொன்னபடி வந்தார். தலையாரியும் வந்தார். டாக்டர் கையுறை போட்டு இறங்கினார். செய்யவேண்டியதைச் செய்தார். அதை நான் எழுதப் போவதில்லை. செய்துகொண்டே ஒருமுறை நிமிர்ந்து என்னிடம், அத்தைக்குக் கேட்காத குரலில், "கன்னு முழுசா வளந்திருந்துச்சு. அதுக்குத் தனியா எழுத வழியில்ல" என்றார். அத்தைக்குக் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் செவலையின் தலைப்பக்கம் குந்தியிருந்தாள்.

காதில் ஓட்டை இருந்தது. அரிவாள் பட்டு ஓரம் கிழிந்திருந்தாலும், டேக் இருந்த இடம் நன்றாகத் தெரிந்தது. டாக்டர் திருப்தியானார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா, அந்த டேக்க கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

அத்தை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து எடுத்தாள்.

"காதுல வச்சுப் பிடிங்க. எண் தெரியணும். ஓனரும் போட்டோல இருக்கணும்."

அத்தைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு செவலையின் காதைத் தூக்கி, கிழிந்த ஓட்டையில் தோட்டை வைத்து, விழாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். டாக்டரின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. என் போனில் எடுக்கச் சொன்னார். எண் தெளிவாக இல்லை என்று இன்னொன்று. வெயில் கண்ணில் பட்டு அத்தை கண்ணை மூடிவிட்டாள் என்று இன்னொன்று. எதற்கும் அவள் முகம் சுளிக்கவில்லை. "இப்டியா? இப்டியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்மா" என்றார் டாக்டர்.

"இப்பக் கழட்டிடட்டுமா சார், வுட்டுடட்டுமா?"

தலையாரி தரையைப் பார்த்தார். டாக்டர், "உங்க இஷ்டம்மா" என்றார். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஏதோ விதி இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. அத்தை தோட்டை அந்தக் காதிலேயே செருகிவிட்டு மேலே ஏறினாள்.

மூடுவதற்கு முன் அப்பா ஒரு பிடி மண்ணை எடுத்து அத்தையிடம் நீட்டினார். முதல் மண் அவள்தானே போடவேண்டும். அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் ஒரு தடவ போட்டுட்டேண்ணா. அதுக்கு மேல எனக்கு முற இல்ல. நீங்க மூடுங்க."

நாங்கள் மூடினோம். உபதேசியாரை யாரும் கூப்பிடவில்லை.

பணம் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. இடையில் நான் விழுப்புரத்துக்கும் தாலுகா ஆபீசுக்குமாக அலைந்த கதை தனி. அதில் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோரும் அலைகிற அலைச்சல்தான். அத்தையின் போனுக்கு வங்கிச் செய்தி வந்த அன்று நான் ஓடிப்போய்ப் படித்துச் சொன்னேன். "வந்துச்சா" என்றாள். அடுப்பில் இருந்த கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

நான் ஏற்கெனவே மாடு பார்த்து வைத்திருந்தேன். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டாம் ஈற்றுப் பசு, மகள் கல்யாணத்துக்காக விற்கிறார்கள். வந்த பணத்தோடு அப்பா கொஞ்சம் போட்டால் முடிந்துவிடும். அத்தையை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். காய்ந்துபோன சேறு வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. சில இடங்களில் மறுபடி உழுது, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டிருந்தார்கள், பச்சை கிளம்பியிருந்தது.

அத்தை மாட்டை முறையாகப் பார்த்தாள். பல் பார்த்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். நடக்கவிட்டுப் பார்த்தாள். காம்பில் ஒரு பீச்சுப் பீச்சி, பாலை விரலில் தொட்டு உரசினாள். மாடு அவள் தோளில் மூக்கை வைத்து முகர்ந்தது. மாட்டுக்கார அம்மாவுக்குச் சந்தோஷம். "அதுக்கே உங்கள புடிச்சிப் போச்சு பாருங்க. கயித்தப் புடிங்க, நல்ல நேரம் போவுது."

அத்தை கயிற்றைப் பிடிக்கவில்லை.

"நல்ல மாடும்மா. கொற ஒண்ணும் இல்ல. வேற எடத்துல குடுத்துடுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும்போது நான் பேசவில்லை. ஒரு மேட்டில் மொபெட் திணறியபோது இறங்கித் தள்ளினோம். அப்போதுதான் கேட்டேன்.

"அதுல என்ன குறை அத்தை?"

"மாட்டுல இல்லடி."

"அப்புறம்?"

அவள் மொபெட்டின் பின் சீட்டில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். மேடு முடிந்ததும் நின்றாள். மூச்சு வாங்கியது.

"இன்னொரு வெள்ளம் வராதுன்னு யாரு சொன்னா. வரும். இதுவும் போவும்னு வெச்சுக்க. நான் இன்னா செய்வேன் தெரியுமா? மஞ்ச எடுக்க ஓட மாட்டேன். தோடு கழட்ட மாட்டேன். நாய வெரட்டிக்கினு, ஈ ஓட்டிக்கினு, டாக்டரு எப்ப வருவாரு எப்ப வருவாருன்னு ரோட்டப் பாத்துக்கினு குந்தியிருப்பேன். எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சிபோச்சே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அது என்னை மோந்து பாக்குது. நான் அதும் காதப் பாத்துக்கினு நிக்கிறேன், தோடு இறுக்கமா கீதா, லூசா கீதான்னு. கை வரல."

நான் மொபெட்டை ஸ்டார்ட் செய்தேன். அவள் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல என் தோளில் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள்.

அத்தை இப்போது பாண்டிச்சேரியில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறாள். விடியும் முன்னே வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. எடுத்து ஏதாவது செய் என்று அப்பா சொல்லும்போதெல்லாம், "இருக்கட்டும்ணா, அது செவலைக்குன்னு குடுத்தது" என்கிறாள், எடுப்பதில்லை. அவள் வாசலில் மாடு கட்டிய இடத்தில் இப்போது எதிர்வீட்டுக்காரர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். அத்தைதான் நிறுத்திக்கொள்ளச் சொன்னாள்.